சேலத்தில் நடப்பதும் சைக்கிள் ஓட்டுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அஸ்தம்பட்டிப் பக்கம் வீடு. டவுனில் வேலை. போக வர சைக்கிள்தான், அம்மாவோடு போனால் நடை. "ஏனுங்க, வண்டி ரிப்பேரா?" என்பதில் ஆரம்பித்து, டீக்கடையிலும் பள்ளிக்கூட வாசலிலும் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்திலும் திரும்பத் திரும்ப என்னிடம் வந்த கேள்விகள் இவை. வண்டி ரிப்பேர் இல்லை. மற்றவற்றுக்குக் கீழே பதில்.

இந்தக் காலத்தில் யாருங்க நடக்கிறார்கள்? எல்லார் வீட்டிலும் வண்டி இருக்கிறதே?

காலை ஏழு மணிக்குப் பழைய பஸ் ஸ்டாண்டு முன்னால் பத்து நிமிடம் நின்று பாருங்கள். பூக்கூடையோடு வருகிறவர்கள், செவ்வாய்ப்பேட்டைக்குக் கொலுசுப் பட்டறை வேலைக்குப் போகிறவர்கள், ஜவுளிக்கடைக்கு நிற்கப் போகும் பெண் பிள்ளைகள், அம்மாபேட்டைப் பக்கமிருந்து கேரியரில் நூல் மூட்டை கட்டிச் சைக்கிள் மிதித்து வரும் பெரியவர்கள். 2021இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆன பிறகு பஸ் ஏறுகிறவர்கள் கூடினார்கள். பஸ் ஏறுகிற ஒவ்வொருவரும் இரண்டு முனையிலும் நடந்துதான் ஆகவேண்டும். டிக்கெட்டை இலவசமாக்கிய கையோடு ஸ்டாப்பிலிருந்து வீடு வரைக்குமான பாதையையும் பார்த்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

வண்டி வைத்திருப்பவரும் நடக்கிறவர்தான். கடைவீதியில் வண்டியை நிறுத்த இடம் தேடி, கிடைத்த சந்தில் போட்டுவிட்டு, அங்கிருந்து கடைக்கு எப்படிப் போகிறார்? பறந்தா?

ஒரு கணக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். 2023இல் இந்தியச் சாலைகளில் இறந்த ஏறத்தாழ 1 லட்சத்து 73 ஆயிரம் பேரில் 35,221 பேர் நடந்து போனவர்கள். ஐந்தில் ஒருவர். வண்டியே ஓட்டாதவர்கள்.

நடைபாதை போட்டுத்தானே இருக்கிறார்கள்? ஏன் யாரும் அதில் நடப்பதில்லை? ஜனங்களுக்கு ஒழுக்கம் இல்லையா?

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு முட்டிவலி வந்த பிறகுதான் புரிந்தது.

வீட்டிலிருந்து பிள்ளையார் கோயில் 600 மீட்டர் இருக்கும். அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் போவார். போன வருடம் ஒருநாள் நானும் கூடப் போனேன். முதல் வீட்டு வாசலிலேயே நடைபாதையை விட்டு ரோட்டில் இறங்கினார். "மேல போங்கம்மா" என்றேன். "நீ போய்க் காட்டு சாமி" என்றார். போனேன். இருபது தப்படி போவதற்குள் நானும் இறங்கிவிட்டேன். அப்புறம் எண்ண ஆரம்பித்தேன். கோயில் வாசல் வரும்வரை நடைபாதையிலிருந்து ரோட்டுக்கு இறங்க வேண்டிய இடம் மொத்தம் 14.

என்னென்ன? கார் ஏற வீட்டு வாசலில் போட்ட சிமெண்ட் சறுக்கு ஐந்து. நடைபாதை நடுவில் கால் ஊன்றி நிற்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்று. மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ் ஒன்று. வடிகால் மேல் போட்ட ஸ்லாப் உடைந்து வாயைப் பிளந்துகொண்டிருந்த இடம் இரண்டு. ஒரு கடையின் ஜெனரேட்டர். ஒரு ஏடிஎம் முன்னால் வரிசையாக நின்ற பைக்குகள். வேம்பு ஒன்று, அதை நான் குறை சொல்ல மாட்டேன், நிழல் தருகிறது. குறுக்குத் தெரு வந்து சேரும் இடம் இரண்டு, அங்கே முக்கால் அடிக்கு மேல் உயரத்திலிருந்து பொத்தென்று இறங்கி, தெருவைக் கடந்து, திரும்பப் பொத்தென்று ஏற வேண்டும்.

முட்டி போனவருக்கு 14 முறை ஏறி இறங்குவதைவிட ரோட்டிலேயே போய்விடுவது சுலபம். கைவண்டியில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகிறவருக்கும் அப்படித்தான். சக்கர நாற்காலிக்காரரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அவர் வீட்டை விட்டே வருவதில்லை. அதனால்தான் அவரை நாம் பார்ப்பதில்லை.

நடைபாதைக்கு அளவு உண்டு. இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு வகுத்தது. தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம், தலைக்கு மேல் 2.2 மீட்டர் வெளி, ரோட்டிலிருந்து உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. பதினைந்து சென்டிமீட்டர் என்றால் நம் வீட்டுப் படிக்கட்டில் ஒரு படி. கையில் ஒரு டேப் எடுத்துக்கொண்டு உங்கள் தெருவில் அளந்து பாருங்கள். உயரமாகப் போட்டால் பைக் ஏறாது என்று சொல்வார்கள். பைக் ஏறிவிடுகிறது, பாட்டிதான் ஏறுவதில்லை. பைக் ஏறாமலிருக்க வேண்டுமானால் குட்டைத் தூண்களை நட வேண்டும், இரண்டு தூணுக்கு நடுவில் சக்கர நாற்காலி நுழையும் அளவு விட்டு.

எத்தனை கிலோமீட்டர் நடைபாதை போட்டோம் என்று கணக்குச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பதினான்கு ஞாபகம் வருகிறது. வாய்க்காலில் ஒரே ஒரு இடத்தில் கரை உடைந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. இதுவும் அதே கதை.

நடைபாதைக் கடைகளை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமே?

என் பட்டியலில் தள்ளுவண்டி ஒன்றுகூட இல்லை, கவனித்தீர்களா?

சில இடங்களில் கடைகள் வழியை அடைக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் சாயங்காலம் தட்டுவடை செட் வண்டி நிற்கும் இடத்தைப் பாருங்கள். பெட்ரோமாக்ஸ் போய் எல்ஈடி பல்பு வந்திருக்கிறது, சுற்றிப் பத்துப் பேர் நிற்கிறார்கள், அந்த வெளிச்சத்தில் தனியாக வரும் பெண் தைரியமாக நடந்து போகிறார். எட்டரை மணிக்கு வண்டி கிளம்பிவிட்டால் அதே இடம் இருட்டு. தெருவில் கண் இருப்பதும் பாதுகாப்புதான்.

2014இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் இதற்கு ஒரு வழி சொல்கிறது. ஊருக்கு ஒரு விற்பனைக் குழு, அதில் பத்தில் நான்கு பேர் வியாபாரிகளே, எங்கே விற்கலாம் எங்கே கூடாது என்று அந்தக் குழு பேசி முடிவு செய்ய வேண்டும். நடக்க 1.8 மீட்டர் விட்டு, மீதி இருந்தால் வண்டிக்கு, இல்லையென்றால் எதிர்ப்பக்கம். இப்படி அளவு வைத்துப் பேசினால் சண்டை பாதி குறையும்.

வேகம் குறைத்தால் என்ன பெரிதாக ஆகிவிடப் போகிறது?

உயிர் மிஞ்சும். கணக்குப் போட்டே காட்டலாம்.

மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் வண்டிக்காரர் குறுக்கே ஒரு பையன் ஓடுவதைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆகிறது என்று வையுங்கள். அந்த ஒரு விநாடியில் வண்டி எட்டு மீட்டருக்கு மேல் ஓடிவிடும். காய்ந்த ரோட்டில் நல்ல பிரேக் என்றால் இன்னும் ஐந்து மீட்டரில் நின்றுவிடும். ஆக 13 மீட்டர். அதே வண்டி 50இல் வந்தால்? நிற்க ஏறத்தாழ 28 மீட்டர். 30இல் வந்தவர் நின்று மூச்சு வாங்கும் இடத்தில் 50இல் வந்தவர் இன்னும் பிரேக்கையே தொட்டிருக்க மாட்டார், முழு வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். மோதும் ஆற்றலும் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்கு.

டவுனுக்குள் 50இல் போய் எவ்வளவு நேரம் மிச்சம்? அடுத்த சிக்னலில் உங்கள் பக்கத்தில் நான் சைக்கிளில் வந்து நிற்பேன். பல நாள் நடந்திருக்கிறது.

அப்படியானால் தெருவுக்குத் தெரு வேகத்தடை போடச் சொல்கிறீர்களா?

ஒழுங்கான அளவில் போட்டால் சரி. விதிப்படி வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். 25 கிலோமீட்டர் வேகத்தில் இடுப்பு அதிராமல் ஏறி இறங்கலாம். நம் ஊரில் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு அடி அகலத்துக்கு மண்வெட்டியால் அள்ளிப் போட்டு வைக்கும் கரடு வேறு சமாச்சாரம். வெள்ளைக்கோடும் இருக்காது, விளக்கும் இருக்காது. பின்சீட்டில் ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் அதில்தான் விழுகிறார்கள்.

ரோட்டைக் கடக்கும் ஜீப்ரா கோட்டையே நடைபாதை உயரத்துக்குத் தூக்கி, அகலமான மேடையாகப் போட்டுவிட்டால் வேகத்தடையும் ஆச்சு, கடக்கும் இடமும் ஆச்சு. பள்ளி வாசலுக்கும் ஆஸ்பத்திரி வாசலுக்கும் அதுதான் தோது.

ஐந்து ரோடு சந்திப்பில் ஈரடுக்கு மேம்பாலம் வந்த பிறகு கீழே நடக்கச் சுலபமாகத்தானே இருக்கிறது?

2020 ஜூனில் திறந்தார்கள், ஏழே முக்கால் கிலோமீட்டருக்கு மேல் நீளம். மேலே போகிறவருக்கு நேரம் மிச்சம், அதில் சந்தேகமில்லை. ஊர்ப் பெருமையும்கூட. வெளியூர்க்காரர் வந்தால் நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

கீழே நடக்கிறவர் கண்ணால் பார்த்தால் கதை வேறு. பாலத்தின் தூண் ஒவ்வொன்றும் ஒரு மறைப்பு. தூணுக்குப் பின்னாலிருந்து நீங்கள் எட்டிப் பார்க்கும்போதுதான் வருகிற வண்டிக்கு உங்களைத் தெரியும். தூணுக்கு முன்னால் நாலைந்து மீட்டராவது தள்ளித்தான் கடக்கும் கோடு இருக்க வேண்டும், பாலத்தடியில் பகலிலும் விளக்கு எரிய வேண்டும். பாலம் கட்டுவதற்கு ஆகும் செலவோடு பார்த்தால் இதெல்லாம் பாக்குக் காசு.

கடப்பதற்கு நேரமும் வேண்டும். நல்ல காலுள்ளவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துத்தான் சிக்னலுக்குக் கணக்குப் போடுவது வழக்கம். 15 மீட்டர் ரோடு என்றால் 13 விநாடி போதும். என் அம்மா விநாடிக்கு 0.8 மீட்டர்தான் நடப்பார், அளந்திருக்கிறேன். அவருக்கு 19 விநாடி. நடுவில் நின்று இளைப்பாற ஒரு திட்டு இருந்தால் இரண்டு தவணையாகக் கடந்துவிடுவார்.

நடப்பவர்களுக்கு மேலே ஒரு நடைமேம்பாலம் கட்டிக் கொடுத்துவிட்டால்?

நாற்பது படி ஏறி நாற்பது படி இறங்க நீங்கள் தயாரா? நானும் இல்லை. ரயில் தண்டவாளத்துக்கும் நான்குவழிச்சாலைக்கும் வேறு வழி கிடையாது. டவுனுக்குள் அது விளம்பரப் பலகைக்கு மட்டும்தான் உதவும்.

சைக்கிளுக்குத் தனிப்பாதை சேலத்தில் சாத்தியமா?

எல்லா இடத்திலும் முடியாது, தேவையும் இல்லை.

செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். லாரியில் மூட்டை இறங்கும், ஆட்டோ நிற்கும், நடுவில் மாடு. அங்கே தனிப்பாதை என்று கோடு போட்டால் அடுத்த நாள் காலை அது பார்க்கிங். அந்த மாதிரித் தெருக்களில் மூட்டை இறக்கும் நேரத்தை வரையறுத்து, வேகத்தை 20க்குள் வைத்தால் போதும், சைக்கிள் தானாகப் போய்விடும். உண்மையைச் சொன்னால் அங்கே இப்போதே வேகம் 20க்குள்தான்.

அகலமான ரோடுகளில் கதை வேறு. ஓமலூர் ரோடு மாதிரி வண்டிகள் அறுபதில் பறக்கும் இடத்தில் பெயிண்ட் கோடு காப்பாற்றாது. நடுவில் கல்லோ மேடோ வைத்துப் பிரித்த பாதை வேண்டும், பஸ் ஸ்டாப் வரும் இடத்தில் அது ஸ்டாப்புக்குப் பின்பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பஸ்ஸும் சைக்கிளும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ளும்.

சென்னை மாநகராட்சி 2014இலேயே நடப்பவர், சைக்கிள்காரருக்கென ஒரு கொள்கை வகுத்து அதற்கு நிதியும் ஒதுக்க முன்வந்தது. 2016இல் பொலிவுறு நகர (ஸ்மார்ட் சிட்டி) பட்டியலில் சேர்ந்த சேலத்துக்கும் அப்படி ஒரு கொள்கை தனியாக வேண்டும் என்பது என் கருத்து.

பெரிய திட்டம் வரும்வரை ஒரு சின்ன வேலை: வடிகால் மேலுள்ள இரும்புக் கம்பி மூடிகள். கம்பிகள் ரோட்டுக்கு நேராக ஓடினால் சைக்கிளின் முன்சக்கரம் அப்படியே உள்ளே இறங்கும். நான் ஒருமுறை அப்படி விழுந்து ரிம் எட்டு மாதிரி வளைந்துவிட்டது, முன்பல்லும் ஒரு ஓரம் போச்சு. மூடியைக் கழற்றிக் குறுக்காகத் திருப்பி வைத்தால் போதும். காசே செலவில்லை.

பிள்ளையைப் பள்ளிக்குச் சைக்கிளில் அனுப்பலாமா? பயமாக இருக்கிறதே.

பயம் நியாயமானது. ஆனால் மாற்று என்ன? ஒவ்வொருவரும் பயந்து பிள்ளையை வண்டியில் கொண்டுவந்து விடுவதால்தான் எட்டே முக்காலுக்குப் பள்ளி வாசல் அவ்வளவு ஆபத்தாக இருக்கிறது. நாம் எந்த டிராபிக்குக்குப் பயப்படுகிறோமோ அந்த டிராபிக்கே நாம்தான்.

அரசு, உதவிபெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலையில்லா மிதிவண்டி தருகிறார்கள். தமிழ்நாட்டுப் பெண் பிள்ளைகளை மேல்நிலைப் படிப்புக்குக் கொண்டுவந்ததில் அந்தச் சைக்கிளுக்குப் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன். ஆனால் வாங்கிய அன்றே சைக்கிள் கடைக்குக் கொண்டுபோங்கள். பிரேக் கட்டை ரிம்மின் மேல் சரியாக உட்காருகிறதா, ஹேண்டில் போல்ட் இறுகியிருக்கிறதா, சீட் உயரம் சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெடல் கீழே வரும்போது கால் ஏறக்குறைய நீள வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் முட்டி நெஞ்சில் இடிக்க மிதிக்கிறார்கள், பிறகு சைக்கிள் கஷ்டம் என்கிறார்கள்.

முதல் வாரம் நீங்களும் கூட ஓட்டுங்கள். சுற்றாக இருந்தாலும் உள்தெருக்கள் வழியாகப் போகக் கற்றுக்கொடுங்கள். நிற்கும் காரின் ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளிப் போகட்டும், கதவு எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. லாரி, பஸ்ஸின் இடப்பக்கமாக நுழையவே கூடாது. இந்த ஒன்றை மட்டும் திட்டியாவது மண்டையில் ஏற்றுங்கள்.

இன்னொன்று. "சைக்கிள் பயம், அதனால் ஸ்கூட்டி வாங்கித் தந்துவிட்டேன்" என்று பத்தாவது படிக்கும் பையனின் அப்பா ஒருவர் சொன்னார். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றவருக்கு மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பிள்ளைக்கு என்ன ஆகும் என்பது அதற்கும் முன்னால் யோசிக்க வேண்டியது.

நடைபாதையே இல்லாத ரோட்டில் எந்தப் பக்கம் நடப்பது?

வலப்பக்கம், எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி. சைக்கிள் மட்டும் இடப்பக்கம், எல்லா வண்டியும் போகிற திசையிலேயே.

ராத்திரியில்?

பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு. பெடலில் இருக்கும் மஞ்சள் ரிஃப்ளெக்டரைக் கழற்றாதீர்கள். மேலும் கீழும் ஆடும் அந்த மஞ்சள்தான் பின்னால் வருகிறவருக்கு "இது சைக்கிள்" என்று சொல்கிறது.

ஏற்காடு மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டலாமா?

ஓட்டலாம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அடிவாரத்தில் நின்றால் கூட்டம் கூட்டமாகக் கிளம்புவதைப் பார்க்கலாம். ஏறுவது நுரையீரலுக்கு வேலை, அவ்வளவுதான். 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கும். ஏழாவதில் மூச்சு வாங்கும், பன்னிரண்டில் ஏன் வந்தோம் என்று தோன்றும், அப்புறம் காப்பித் தோட்டத்துக் குளிர்காற்று முகத்தில் அடித்ததும் மறந்துபோகும்.

ஆபத்து இறங்கும்போதுதான். பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் கொதித்துவிடும், டியூப் வெடித்த கதையெல்லாம் உண்டு. வளைவுக்கு முன்னாலேயே இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடித்து வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வளைவுக்குள் பிரேக் பிடிக்காமல் திரும்ப வேண்டும். ஈர இலை, லாரி சிந்திய டீசல், குரங்கு, இவை மூன்றும் வளைவில்தான் காத்திருக்கும். நடுவில் நின்று ரிம்மைத் தொட்டுப் பாருங்கள், விரல் வைக்க முடியவில்லை என்றால் ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஊரைப் பாருங்கள். சேலம் முழுக்கத் தெரியும்.

காரில் போகிறவர்களுக்கும் ஒன்று: மலைப்பாதையில் குறுகலான இடத்தில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிறவர் நின்று வழிவிட வேண்டும். ஏறும் வண்டியில் சைக்கிளும் சேர்த்தி. ஹாரன் அடித்து ஓரம் தள்ளினால் அவருக்குப் போக இடமில்லை, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். சாயங்காலத்துக்கு மேல் வேண்டாம். பனி இறங்கும், காட்டெருமை ரோட்டில் நிற்கும், அது யாருக்கும் வழிவிடாது.

ஏற்காட்டுக்குள் நடக்க முடிகிறதா?

வார நாளில் அருமையாக முடியும். மே மாதக் கோடை விழா நேரத்தில் ஏரியைச் சுற்றி நடப்பதைவிட வீட்டிலேயே இருக்கலாம். வருகிற கார்களை ஒரே இடத்தில் நிறுத்தவைத்து, அங்கிருந்து லேடீஸ் சீட், பகோடா பாயிண்டுக்கு மினி பஸ் விட்டால் ஒண்டிக்கடைப் பக்கம் மூச்சு விடலாம். டூரிஸ்ட்டை விடுங்கள், சாயங்காலம் எஸ்டேட் வேலை முடிந்து மூடுபனியில் ரோட்டோரம் வரிசையாக நடந்து வரும் மலைக்கிராமத்துக்காரர்களுக்கு ஓரமாக ஒரு மீட்டர் மண்பாதையாவது வேண்டும். அந்த ரோடு அவர்கள் தினமும் வீட்டுக்குப் போகும் வழி.

பார்க்கிங்கை எடுத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்கிறார்களே கடைக்காரர்கள்?

எங்கள் அண்ணாச்சி ஒருவர் இதே வாதம் செய்தார். "உங்கள் கடை முன்னால் இப்போது நிற்கும் நாலு பைக் யாருடையது?" என்று கேட்டேன். ஒன்று அவருடையது, ஒன்று அவர் தம்பியுடையது, ஒன்று வேலைக்காரப் பையனுடையது. நாலாவது யாருடையது என்று அவருக்கே தெரியவில்லை. வாடிக்கையாளருடையது ஒன்றும் இல்லை.

சென்னை பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதையை அகலப்படுத்தித் திறந்தார்கள். இன்றைக்கு ஒரு சாயங்காலம் அங்கே போய், கூட்டம் இருக்கிறதா இல்லையா என்று நீங்களே பாருங்கள். ஒரு கார் நிற்கும் இடத்தில் எட்டு, பத்து சைக்கிள் நிற்கும். நடந்து வருகிறவர் கண்ணில்தான் கடை படும்.

சட்டம் யார் பக்கம்?

தாளில் நம் பக்கம்தான். 2017ஆம் ஆண்டு ஓட்டுநர் ஒழுங்குமுறைகளின்படி நடைபாதையிலோ சைக்கிள் பாதையிலோ வண்டி ஏற்றக்கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் இன்னொரு பிரிவும் சேர்ந்தது: சாலையைத் தரம் இல்லாமல் வடிவமைத்தோ பராமரிக்காமலோ விட்டு, அதனால் சாவோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகார அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

இதில் நம் பக்கத்து ஊருக்கு ஒரு பெருமை உண்டு. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கு இன்னமும் நடக்கிறது. உடைந்த எலும்புகளைச் சேர்த்துச் சேர்த்து அலுத்துப்போய், உடையாமல் இருக்க வழி கேட்டாரோ என்னவோ. அந்த வழக்கில்தான் 2025 மே மாதம், தடையில்லாத நடைபாதை வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. அதே வருடம் அக்டோபரில், நடப்பவர்களுக்கான விதிகளை ஆறு மாதத்துக்குள் வகுக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

விபத்தைப் பார்த்தால் உதவப் பயமாக இருக்கிறது. போலீஸ், கோர்ட் என்று இழுப்பார்களே?

உதவ வந்தவர் மேல் வழக்குப் போட முடியாது, பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் கூடாது, இதுவும் 2019 திருத்தத்தில் இருக்கிறது. 108ஐக் கூப்பிடுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் வரம்புக்குள் பணம் கட்ட வேண்டியதில்லை. "யார் கட்டுவது" என்று யோசித்து நிற்காதீர்கள்.

யாரிடம் மனுக் கொடுப்பது?

முதலில் ரோடு யாருடையது என்று கண்டுபிடியுங்கள். மாநகராட்சியா, மாநில நெடுஞ்சாலைத் துறையா, தேசிய நெடுஞ்சாலையா? தெரியாமல் கொடுத்தால் மனு இரண்டு அலுவலகத்துக்கு நடுவில் பந்தாகிவிடும். என்னுடையது நாலு மாதம் அப்படி உருண்டது. ஒரு இடத்தில் "வடிகால்தான் எங்களுடையது, மேலே இருக்கும் ஸ்லாப் இல்லை" என்றார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கடைசியில் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி "இந்த ஸ்லாப் யாருடையது?" என்று மட்டும் கேட்டேன். 30 நாளில் பதில் வந்தாக வேண்டும், வந்தது.

சேலம் மாநகராட்சிக்கு 60 வார்டு. சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று நான்கு மண்டலம். வார்டு கவுன்சிலரையும் மண்டல அலுவலகத்தையும் முதலில் பாருங்கள். நடக்காவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம், இல்லையென்றால் முதல்வரின் உதவி எண் 1100.

மனுவில் "நடைபாதை மோசம்" என்று எழுதாதீர்கள். ஒரு மனுவுக்கு ஒரு இடம். எந்தக் கடைக்கு எதிரில், எத்தனை அடி உடைந்திருக்கிறது, பக்கத்தில் டேப் வைத்து எடுத்த ஒரு போட்டோ. சரிசெய்ய வேண்டிய ஜே.இ. (இளநிலைப் பொறியாளர்) வண்டியை நிறுத்தாமலே இடத்தைக் கண்டுபிடிக்க முடிய வேண்டும்.

எண்ணினீர்களே 14, அது என்ன ஆச்சு?

ஸ்லாப் இரண்டும் புதிதாகப் போட்டார்கள். ஏடிஎம் முன்னால் மூன்று குட்டைத் தூண் வந்தது. ஜெனரேட்டர்காரர் பேசிப் பார்த்ததில் பக்கச் சந்துக்கு நகர்த்திக்கொண்டார், நல்ல மனிதர்.

அப்புறம் அந்த ஐந்து சிமெண்ட் சறுக்கில் முதலாவது எங்கள் வீட்டுடையது. அதை நான் மேலே சொல்லவில்லை. அப்பா வண்டி வாங்கியபோது நடைபாதையைப் பாதி விழுங்கி அவர்தான் போட்டார், அம்மா முதலில் இறங்கியது அதற்காகத்தான். கொத்தனாரைக் கூப்பிட்டு அதை உடைத்து, கேட்டுக்கு உள்பக்கமாகச் சரிவு எடுத்தோம். ஒன்றரை நாள் வேலை. கார் ஏறும்போது அடியில் லேசாக உரசுகிறது.

இப்போது ஒன்பது. டிரான்ஸ்பார்மர் அப்படியே நிற்கிறது.